நாற்பது காணிக்குச் சொந்தக்காரி

பதினோரு பாத்திரங்களில் பத்துக்கு அடிதடி. பதினோராவதை யாரும் சீந்தவில்லை. குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் நிரப்பவேண்டிய படிவத்தில் அது கடைசியில் இருந்தது: நிலக்கிழார். படைத்தலைவனுக்கு வாள் உண்டு, ஒற்றனுக்கு மாறுவேடம் உண்டு, மந்திரவாதியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நிலக்கிழாருக்கு நாற்பது காணி நிலம், ஒரு வீடு, அவ்வளவுதான். எட்டு மாதமாகக் காலியாகக் கிடந்ததாம். நான் அதைத்தான் தொட்டேன்.

விளையாட்டு இதுதான். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு ஏழு பேர் போனில் கூடுவோம். ஒருவர் கதைசொல்லி. ‘காட்டுக்குள் நுழைகிறீர்கள், எதிரே ஆறு, என்ன செய்வீர்கள்’ என்று அவர் கேட்பார். அவரவர் பாத்திரம் என்ன செய்கிறது என்று நாங்கள் சொல்லவேண்டும். திரையில் இருபது முகப் பகடை உருளும். பெரிய எண் விழுந்தால் நினைத்தது நடக்கும், சின்ன எண் விழுந்தால் நடக்காது. என்ன நடந்தது என்று முடிவாகச் சொல்வது மட்டும் கதைசொல்லியின் வேலை. இடைப்பட்ட நாட்களில் அவரவர் பாத்திரத்தைப் பற்றி எழுதிப் போடலாம்.

எங்கள் கதைசொல்லி தேவநாதன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை என்று அவராகவே சொல்லியிருந்தார். குரல் நன்றாக இருக்கும், அவசரப்படாமல் பேசுவார். குழுவின் முதல் விதியை அவரே எழுதியிருந்தார்: நிஜப் பேர், ஊர், வேலை, சாதி எதையும் யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது. இங்கே வந்துவிட்டால் நீங்கள் எடுத்த பாத்திரம்தான் நீங்கள்.

அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். திண்டிவனத்தில் ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடிக்கச் சேர்ந்த முதல் நாளே என்னிடம் ஊர் கேட்டார்கள். காணை பக்கம் என்றேன். காணை பக்கம் எங்கே என்றார்கள். சொன்னேன். ஊருக்குள்ளேயா, காலனியா என்றார்கள். சோற்று டப்பாவைத் திறப்பதற்குள் மூன்று கேள்வியில் என்னை முடித்துவிட்டார்கள். அப்படிப்பட்டவளுக்கு இந்த விதி எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. படிவத்தில் பெயர் என்ற இடத்தில் நாச்சி என்று எழுதினேன். அன்புச்செல்வியை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

ஏன் நிலக்கிழார் என்று படைத்தலைவர் மணிமாறன் முதல் நாளே கேட்டார். சென்னைக்காரர், எல்லாவற்றையும் சத்தமாகக் கேட்கிற ஆள். அதில் சண்டை இல்லை, சாகசம் இல்லை, போர் அடிக்கும் என்றார். பிடித்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். என் அம்மா பூமாலை முப்பது வருடமாகப் பாண்டுரங்கன் வீட்டுக் கழனியில் நடவு நட்டு, களை எடுத்து, அவர்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையைக் கூட்டி வாருகிறாள் என்றா சொல்வது? பள்ளிக்கூட விடுமுறை எல்லாம் எனக்கு அந்தச் சேற்றில்தான் போனது. நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டுகிற வரை பச்சை. அதில் ஒரு சாண்கூட எங்களுடையது இல்லை. வாளும் மந்திரமும் எனக்கு எதற்கு? வரப்பில் செருப்போடு நடந்து பார்க்கவேண்டும், அவ்வளவுதான் எனக்கு ஆசை.

காலையில் காணையிலிருந்து விழுப்புரம், அங்கிருந்து திண்டிவனம். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நிற்கிற நேரத்தில்கூட எழுதுவேன். என் நாற்பது காணியை வரப்பு வரப்பாக எழுதினேன். எந்த மடையைத் திறந்தால் எந்தக் கழனிக்குத் தண்ணீர் பாயும், நண்டு வளை தோண்டி எந்த வரப்பு கசியும், கரும்புச் சோகை எந்தப் பக்கம் காற்றடித்தால் முகத்தைக் கிழிக்கும், மத்தியானம் எந்த வேப்பமரத்து நிழல் எவ்வளவு நேரம் தங்கும், எல்லாம். முதல் தண்ணீரைக் கடைமடைக்கு விடச்சொல்லி நாச்சி உத்தரவு போட்டாள். பாண்டுரங்கன் வீட்டில் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

குழுவே வாய் பிளந்தது. போரில்லாத பாத்திரத்துக்கு இவ்வளவு பேர் காத்திருந்து படிப்பார்கள் என்று நானே நினைக்கவில்லை. நீங்கள் பெரிய பண்ணைக் குடும்பமாகத்தான் இருக்கவேண்டும், மண்ணைப் பற்றி இப்படி எழுத ரத்தத்தில் இருக்கவேண்டும் என்று மணிமாறன் எழுதினார். விதியை மீறிக் கேட்கவில்லை, சும்மா தோன்றியதைச் சொன்னேன் என்று கீழே ஒரு வரி. நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டேன். அன்றைக்குத் திண்டிவனம் வந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன், கண்டக்டர் வந்து எழுப்பினார். அவ்வளவு சந்தோஷம். வெட்கமாக இருந்தாலும் உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும்.

எட்டாவது வாரம் தேவநாதன் பெரிய திருப்பம் ஒன்றை அறிவித்தார். எதிரி நாட்டுத் தூதர் வருகிறார். பேச்சுவார்த்தை நாச்சியின் வீட்டுக் கூடத்தில் நடக்கும். அது ஒழுங்காக முடிந்தால் எங்கள் நாட்டுக்கே நாச்சிதான் தலைவி. வாளெடுத்த ஐந்து பேரும் அவள் சொல்கேட்டு நடக்கவேண்டும். எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள். புதன்கிழமைக்குள் வீட்டை முழுசாக எழுதிப் போடுங்கள், நாங்கள் அதற்குள் நடமாடவேண்டும் என்றார் தேவநாதன்.

எழுதினேன். மூன்று நாள் பஸ்ஸில், போகவும் வரவும். மாட்டுக்கொட்டகை, வைக்கோல் போர், கிணறு, துவைக்கிற கல், முருங்கைமரம், நெல் காயவைக்கிற களம், சாக்கடை போகிற வழி, புகைபடிந்த அடுப்பங்கரை ஜன்னல், பின்கதவு, அதன் இரண்டு படி, இரண்டாவது படியில் இருக்கிற விரிசல், கதவுக்கு வெளிப்பக்கமும் இருக்கிற தாழ்ப்பாள். மத்தியானம் வீட்டுக்காரர்கள் படுக்கப்போகும்போது மாடு கன்று பின்கதவை முட்டாமலிருக்க அம்மாதான் அந்தத் தாழைப் போடுவாள். இதற்குமேல் ஒரு வீட்டை யாரால் எழுதமுடியும் என்று கர்வத்தோடு அனுப்பினேன்.

கால் மணி நேரத்தில் தேவநாதனிடமிருந்து தனியாகச் செய்தி வந்தது. பிரமாதம், ஆனால் முன்பக்கம் எங்கே என்று கேட்டிருந்தார். தெருவாசல், கூடம், பூஜை அறை, மாடி ஒன்றும் இல்லையே, தூதர் மாட்டுக்கொட்டகை வழியாகவா வருவார் என்று எழுதிச் சிரித்திருந்தார். பிறகு ஏதோ தட்டச்சு செய்துகொண்டே இருப்பதாகத் திரை காட்டியது. நின்றது. மறுபடி ஆரம்பித்தது. மறுபடி நின்றது. கடைசியில் வந்தது இதுதான்:

“எனக்கு திருவெண்ணெய்நல்லூர் பக்கம்ங்க. எங்க வீடும் பெரிய வீடுதான். சரி விடுங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள கூடத்தை எழுதிடுங்க.”

அவர் ஒன்றும் கேட்கவில்லை. விதியைக் காப்பாற்றிவிட்டார். எனக்குத்தான் பஸ்ஸில் உட்கார்ந்த இடத்தில் உடம்பு கூசியது. திருப்பிப் படித்துப் பார்த்தேன். எட்டுப் பக்கத்தில் ஒரு இடத்தில்கூட நாச்சி தன் வீட்டுக்குள் போகவில்லை. தன் வீட்டையே பின்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். நிலத்தைத் திருடிவிட்டேன், வீட்டைத் திருடத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். பாண்டுரங்கன் வீட்டுக் கூடம் எப்படியிருக்கும்? அம்மா முறத்தில் மல்லாட்டை உடைத்து, கடலையைத் தனியாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

“முப்பது வருஷமா போய்க்கினு வந்துக்கினு இருக்கேன். கூடத்த நான் எங்கடி கண்டேன்? அடுப்பங்கர ஜன்னல்ல ஒரு கை தெரியும், காப்பி தெரியும். அது எதுக்கு உனுக்கு?”

ஒன்றுமில்லை என்றேன். கண்டபடி தூணும் ஊஞ்சலும் வைத்து எழுதியிருக்கலாம். சினிமாவில் பார்த்தது போதும். தேவநாதனும் சரி என்றிருப்பார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மடையைப் பார்த்து எழுதினவள் கூடத்தையும் பார்த்துத்தான் எழுதுவேன் என்று பிடிவாதம்.

அதற்கு வழியும் கிடைத்தது. பாண்டுரங்கனின் மனைவி பாஞ்சாலியம்மாள் வயிற்று வலிக்கு எங்கள் சென்டரில்தான் ஸ்கேன் எடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் தயார். நம்ம ஊர்தான், நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை காலை நல்ல சுடிதார் போட்டு, சென்டர் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, பெரிய தெரு வழியாக நடந்தேன். இருபத்தெட்டு வயதில் முதல் தடவையாக அந்த வீட்டின் முன்வாசலில் நின்று காலிங்பெல்லை அழுத்தினேன்.

பாஞ்சாலியம்மாளே கதவைத் திறந்தார். கெட்டவர் இல்லை. நான் பத்தாவது பாஸ் பண்ணினபோது அம்மாவிடம் ஒரு பேனா கொடுத்துவிட்டவர். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் மறைக்கமாட்டேன்.

“அட, பூமால பொண்ணா. நீ ஏன்டி இப்டி சுத்திக்கினு வந்த? பின்னாடி வா கண்ணு, ஒக்காந்து பேசலாம்.”

சொல்லிவிட்டு, பின்கதவைத் திறக்கவேண்டுமே என்று முன்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். காலனியிலிருந்து வந்தால் முன்வாசல்தான் சுற்று வழி. பேச்சில் ஒரு குறையும் சொல்லமுடியாது.

ரிப்போர்ட்டை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். மறுபடியும் பெல்லை அழுத்தியிருக்கலாம். இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அப்போது என் கால் தானாகத் திரும்பியது. பக்கத்துச் சந்தில் நுழைந்து, சாக்கடையைத் தாண்டி, முருங்கைமரத்தைச் சுற்றிக்கொண்டு, கழுத்தில் அட்டை ஆட ஆடப் பின்பக்கம் போய் நின்றேன். யாரும் என்னைத் தள்ளவில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்கமுடியவில்லை.

துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். அவர் கதவு நிலையில் உட்கார்ந்தார். பித்தப்பையில் கல் இருக்கிறது, பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை, டாக்டரைப் பார்த்துவிடுங்கள் என்று சொன்னேன். உன்னைப் போல் படித்தவள் ஒருத்தி பக்கத்தில் இருப்பது எவ்வளவு தைரியம் என்றார். பேப்பர் கப்பில் காபி வந்தது. அவர் எவர்சில்வர் டம்ளரில் குடித்தார். கப்பைக் கசக்கி நானே குப்பைக் கூடையில் போட்டேன்.

முன்கதவு திறந்திருந்த அந்த அரை நிமிடத்தில் கூடத்தைப் பார்த்திருந்தேன். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒன்றின்மேல் துவைத்த துணிக் குவியல். டிவி. மாலை போட்ட ஒரு போட்டோ. யாரோ வாங்கி யாரும் ஓட்டாத உடற்பயிற்சி சைக்கிள், அதன் கைப்பிடியில் ஈரத்துண்டு காய்ந்துகொண்டிருந்தது. இவ்வளவுதான். இதை மறைத்து வைக்கத்தான் முப்பது வருடம் என் அம்மாவைச் சந்து வழியாக வரவைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வீட்டு மாடிப்படியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டினேன். நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் குழுவில் போட்டிருந்தேன். சைக்கிளுக்குப் பதில் உடைந்த பல்லக்கு, பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பதில் கால் ஆடுகிற முக்காலி. துணிக் குவியலும் ஈரத்துண்டும் அப்படியே. எல்லோரும் அதற்குச் சிரிப்பு முகம் போட்டிருந்தார்கள். நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள்.

தேவநாதன் தொண்டையைச் செருமினார். ஒரு சின்ன மாற்றம் என்றார். நாச்சியின் வீட்டில் காத்தாயி என்று ஒரு வேலைக்காரியைப் புதிதாகச் சேர்த்திருக்கிறாராம். அந்த வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். கதையின் உயிரே அவள்தான். அந்தப் பாத்திரத்தை நான் எடுத்துக்கொண்டால் அபாரமாக இருக்கும். நாச்சியை மணிமாறன் பார்த்துக்கொள்வார், அவருடைய தாத்தா வீடு அந்த மாதிரிப் பெரிய வீடு, கூடம் அவருக்குப் பழக்கம்.

“நான் ஏங்க மாறணும்? எடுத்த பாத்திரம்தான் நாம்னு நீங்கதான எழுதி வெச்சிருக்கீங்க?” என்று கேட்டேன்.

“தப்பா எடுத்துக்காதீங்க. யாரையும் கொறைக்கல. உங்களுக்கு அந்தக் கண்ணு இருக்கு, வீட்டை அந்தப் பக்கத்துலேர்ந்து பாக்கற கண்ணு. அத வீணாக்க வேணாம்னுதான் சொல்றேன்.”

அவர் மனதாரத்தான் சொன்னார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஓட்டுக்கு விட்டார்கள். ஐந்து பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். திரையில் என் பெயர் மாறியது. காத்தாயி, பலம் ஆறு, அறிவு ஏழு, விசுவாசம் பதினெட்டு. எண்களைத் தேவநாதன் முன்னாடியே போட்டு வைத்திருந்தார்.

அப்போதே வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. எட்டு வாரம் பஸ்ஸில் இடிபட்டு நான் கட்டின வீடு அது. இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போக மனம் வரவில்லை.

தூதர் வந்தார். தெருவாசல் வழியாக, தாரை தப்பட்டையோடு. மணிமாறன் குரலைக் கனமாக்கிக்கொண்டு நாச்சியாகப் பேசினார். அவர் கூடத்தில் தூணும் ஊஞ்சலும் இருந்தன, யாரும் சிரிக்கவில்லை. நடுவில், காத்தாயி, தூதருக்கு மோர் கொண்டு வா என்றார். கொண்டு வருகிறேன் என்றேன். “நிலைகிட்டயே வெச்சுட்டுப் போ” என்றார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சென்னையில் பிறந்து வளர்ந்த பிள்ளை, அதுவாகவே வந்தது.

பேச்சுவார்த்தை உடைந்தது. தூதர் ஒளித்துக் கொண்டுவந்த ஆட்கள் வாளை உருவினார்கள். முன்பக்கம் முழுக்க எதிரிகள். நாச்சி அடுப்பங்கரை வழியாகப் பின்கதவுக்கு ஓடி வருகிறாள். அந்தக் கதவு எப்படித் திறக்கும் என்று காத்தாயிக்குத்தான் தெரியும். தேவநாதன் குரலைத் தாழ்த்தினார்.

“காத்தாயி, நீ கிணத்தடியில நிக்கிற. நாச்சி உள்ளேர்ந்து கதவ தட்டறாங்க. என்ன பண்ற?”

நான் யோசிக்கவே இல்லை.

“வெளித்தாழ போட்டுட்டேன்.”

நானே மேலே சொன்னேன்.

“நாச்சிகிட்ட சொல்றேன். ஏம்மா இப்டி சுத்திக்கினு வந்தீங்க? முன்னாடி போங்க.”

மணிமாறன் சத்தமாக ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். யாரோ மைக்கை அணைக்கிற ஒலி கேட்டது. எட்டு வாரத்தில் அந்த வீடு அந்த ஒரு நிமிடம்தான் என் கையில் இருந்தது. பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

தேவநாதன் கோபப்படவில்லை. கதைசொல்லி கோபப்படக் கூடாது. காத்தாயி அப்படிச் செய்யமாட்டாள் என்று பொறுமையாக விளக்கினார். அவள் அந்த வீட்டு ஆள், அந்த வீட்டுச் சோறு தின்று வளர்ந்தவள், விசுவாசம் பதினெட்டு என்று போட்டிருக்கிறது. சொந்தக் கோபத்தைப் பாத்திரத்துக்குள் கொண்டுவரக் கூடாது. சரி, பகடையே சொல்லட்டும் என்று தானே உருட்டினார். குணத்தைச் சோதிக்கிற உருட்டில் கணக்கு தலைகீழ்: பதினெட்டும் அதற்குக் கீழே எது விழுந்தாலும் அவள் விசுவாசமாகத்தான் இருப்பாள். பன்னிரண்டு விழுந்தது.

அவர் கதை சொல்லும் குரலுக்கு மாறினார்.

“காத்தாயி ஒரு நொடி தயங்குகிறாள். பிறகு தாழை நீக்கிக் கதவைத் திறக்கிறாள்.”

நான் திறக்கவில்லை என்று கத்தவேண்டும்போல் இருந்தது. வாய் வரவில்லை. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குள்ளிருந்து சின்னதாக எல்லோரும் கைதட்டுவது கேட்டுக்கொண்டிருந்தது. சனிக்கிழமை நான் சந்து வழியாக நடந்து போனதைத் தேவநாதன் பார்க்கவில்லை. ஆனாலும் சரியாகத்தான் சொன்னார்.